பதினொரு பேருக்கு ஓர் இரவு

கழகத்தின் கணக்குக் கொப்பி என்னிடம்தான்.
பதினொரு பேர், இரண்டு கயிறு,
தலைக்கவசம் ஏழு (மாற்றி மாற்றிப் போடுவோம்),
பஸ் காசு போக
ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு அறுநூறு ரூபாய்.

அப்புத்தளையில் அறுநூறு ரூபாய்க்குப்
பனியைப் பார்க்கலாம்,
அதுவும் நின்றுகொண்டு.

முதல் விடுதி கேட்டது:
"லோக்கலா, ஃபொரினா?"
லோக்கல்.
காட்சி தெரியும் அறை ஒரு விலை, தெரியாதது ஒரு விலை.
இருட்டிய பிறகு வந்து விடியமுன் போய்விடுவோம்,
காட்சியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
சிரித்தார்.
கழிக்கவில்லை.

அடுத்தவர் பெண்கள் எத்தனை என்றார். நாலு.
ஆண்கள்? ஏழு.
கணக்குச் சரிவராத குரலில்
கல்யாணச் சான்றிதழ் கேட்டார்.
ஜெனிட்டா போனைப் பறித்தாள்:
"அண்ணன், நாங்க கல்லைத்தான் கட்டிப்பிடிக்கப் போறோம்."
வைத்துவிட்டார்.

மூன்றாவதை நேரில் போய்ப் பிடித்தேன்.
ஸ்டேஷன் பக்கம், இரும்புக்கடை மேல்மாடி,
ஒரே ஹாலில் பன்னிரண்டு கட்டில்,
ஆளுக்கு ஐநூறு, சுடுதண்ணீர் ஒரு வாளி.
அட்வான்ஸ் எடுக்கப் பையைத் திறந்தேன்.
நீட்டிய கை பாதியில் நின்றது.
"கயிறா?"
மலையேறுகிற கயிறு என்றேன்.
"ஆறாம் நம்பர்ல போன மாசி..." என்று தொடங்கி
வாசலில் போன ஆட்டோவைப் பார்த்தார்.
"கோவிக்காதீங்க தம்பி.
கயிறோட வாறவங்களுக்கு நான் ரூம் குடுக்கிறதில்ல."

இது ஆளைத் தாங்குகிற கயிறு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை.
காசைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தேன்.

கடைசியில் தினுக்‌ஷனின் அத்தை.
தோட்டத்து மேல்பிரிவில்
பிள்ளைக் காம்பரா அமராவதியக்காவின் பொறுப்பு.
"வெல்ஃபேர் ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.
ஆளுக்கு நூறு குடுங்க, தொட்டில் சீலை வாங்கணும்.
பால்மா டின் எண்ணி வச்சிருக்கு.
அஞ்சரைக்குள்ள கூட்டிக் கழுவி வெளிய போயிரணும்."

மழையில் ஊறிப் போய்ச் சேர்ந்தோம்.
சின்னச் சின்னப் பாய்;
முழங்காலுக்குக் கீழே எல்லோருக்கும் சீமெந்துத் தரை.
சுவரில் அணில், ஆடு, இலை,
ஈ மட்டும் யாரோ பிய்த்துவிட்டார்கள்.
உத்தரத்தில் ஒன்பது கொக்கி,
தொட்டில் சீலைகள் சுருட்டி மேலே செருகியிருந்தன.
ஈரக்கயிறு காய வேறு இடமில்லை.
இம்தியாஸ் பழக்கதோஷத்தில்
ஒரு கொக்கியில் முழுப்பாரமும் போட்டுத் தொங்கிப் பார்த்தான்.
"தாங்கும்" என்றான்.
"தெரியும்" என்றார் அமராவதியக்கா,
விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.
இரவெல்லாம் ஆள்மாறி ஆள் எழும்ப,
மிதிபட்ட கிலுகிலுப்பை ஒவ்வொரு முறையும் சத்தம் போட்டது.

ஐந்தே காலுக்கே ஒரு தாய் வந்துவிட்டாள்,
இடுப்பில் பிள்ளை, முதுகில் கூடை.
அவளுடைய கொக்கியில் எங்கள் கயிறு.
நான் பாய்ந்து இழுத்தேன், சிக்கிக்கொண்டது.
பிள்ளையை ஜெனிட்டாவிடம் கொடுத்துவிட்டு
ஓர் இழுப்பில் எடுத்துத் தந்தாள்.

"எங்க ஏறப் போறீங்க?"
ஜன்னலில் தெரிந்த கல்லைக் காட்டினோம்.
"அதுல ஏறினா என்னா குடுப்பாங்க?"
ஒருவரும் ஒன்றும் தருவதில்லை,
நாங்கள்தான் காசு போட்டு வருகிறோம் என்றான் தினுக்‌ஷன்.
அவள் எங்களைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்,
வாசலில் வந்துகொண்டிருந்த அடுத்தவளிடம்
"ஏய், இங்க கேளேன்" என்று கூப்பிட்டாள்.
ஐந்தாறு பேர் சிரித்து முடிக்க
ஐந்தரை ஆகிவிட்டது.

பஸ்ஸில் கொப்பியைத் திறந்து எழுதினேன்.
தங்குமிடம்: ஆயிரத்து நூறு.
அதை வெட்டி, தொட்டில் சீலை என்று எழுதினேன்.
கீழே இன்னொரு வரி:
பால்மா, இரண்டு கரண்டி குறைகிறது.
யாரென்று
இதுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.