மேற்கே: கடல்

உறுதியின் அட்டவணைக்கு நாலு எல்லை வேண்டும்.
லொட் ஒன்று.
வடக்கே ஹாஷிம் நானாவின் மதில்.
கிழக்கே நகரசபை றோட்டு.
தெற்கே லொட் இரண்டு.
மேற்கே: கடல்.

முதல் மூன்று எல்லைக்கும் ஆள் இருக்கிறது.
கையெழுத்துப் போடுவார்கள், இல்லாவிட்டால்
சண்டைக்கு வருவார்கள்.
கடலுக்கு எந்த விலாசத்தில் கடிதம் போடுவது?

வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேல்மாடி,
சேர்வெயர் செல்வச்சந்திரனின் கந்தோர்.
வரைபடம் கீறுகிறவள் நான். பதினொரு வருஷம்.
கோடு நேராக வந்தால் யாரும் என்னைக் கேட்பதில்லை.

முகத்துவாரத்துக் காணி மூன்றாம் தரம் வந்திருக்கிறது.
முதல் அளந்தபோது தொண்ணூற்றாறு பேர்ச்.
கொரோனாவுக்குப் பிறகு எண்பத்தெட்டு.
போன கச்சான் அடித்து ஓய்ந்ததும்
அளக்கப் போன நிரோஷன்
இடுப்பளவு நனைந்து வந்து நின்றான்:
"அக்கா, ஏழாம் லொட்டின்ர மேற்குக் கல்லுக்கு மேலால
மீன் போகுது."

விற்பனைக்குத் தொண்ணூற்றாறேதான்.
எட்டுத் துண்டு. 'கடற்காட்சி' என்று
நோட்டீசும் அடித்தாயிற்று.
பொய் சொல்லவில்லை. காட்சி
குசினி வரைக்கும் வரும்.

நாலாம் லொட்டுக்கும் ஐந்தாம் லொட்டுக்கும் நடுவே
பத்தடி அகலத்தில் இரண்டு புள்ளிக்கோடு.
துணியில் மையால் கீறிய காலத்துப் படத்திலேயே இருந்தது,
'கரைக்குப் போகும் பாதை' என்று,
கீறியவனின் கை சற்று நடுங்கிய எழுத்தில்.

"அழிக்க வேண்டாம், பிள்ளை" என்றார் சேர்வெயர்.
நேர்மையான மனிதர், எதையும் அழித்ததில்லை.
"அந்த லேயரை மட்டும் அணைத்துவிடு."

ஒரு கிளிக்.
திரையில் மஞ்சள் பல்ப் சாம்பலானது.
நாலாம் லொட் ஐந்தடி கொழுத்தது,
ஐந்தாம் லொட் ஐந்தடி.
தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

செரபீனா வந்தது மார்கழியில்.
மாடிப்படியெல்லாம் ஈரச் செருப்பு,
பிளாஸ்டிக் உறைக்குள் பழைய படத்தின் கொப்பி,
புடவைக்கடைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு
மேலே கை காட்டியிருக்கிறான்.
"இதில இருக்கிற பாதை இப்ப எங்க, மிஸ்?
கேற் போட்டுட்டாங்கள். மீன் வாளியோட
கால்வாய்ப் பக்கத்தால சுத்திப் போறன்.
ஐஸ் கரைஞ்சிடுது."
கரையோரத் திணைக்களத்தில் கேளுங்கோ என்றேன்.
"கேட்டன். உங்களிட்டப் போகச் சொன்னாங்கள்."

அவள் போன பிறகும்
மேசையில் ஒரு செதில் கிடந்தது.
ஊதினேன். ஒட்டிக்கொண்டது.

ஆனி மாதத்து ஞாயிறு. யாரும் அனுப்பவில்லை,
நூற்றியிரண்டு பிடித்து நானாகத்தான் போனேன்.
பச்சை கேற். ஆமைப்பூட்டு.
உள்ளே காவல்கார விமலசேன
கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.
ஒரு அலைக்கு ஒரு தரம்.

எட்டு லொட்டிலும் மேட்டுமண், சீமெந்துக் கல்,
சிவப்பு நாடா.
கடல் அவற்றை இன்னும் தொடவில்லை.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவேதான்
உள்ளே வந்திருந்தது.
அத்தனை காலம் வாளியோடும் வலையோடும்
மிதித்து மிதித்துத் தாழ்ந்த மண்.
அகலம் பத்தடி இருக்கும், என் கண் பிழைக்காது.
கேற்றுக்கு அடியால் நுரை வந்து
றோட்டைத் தொட்டுத் திரும்பியது.

விமலசேன சிங்களத்தில் சொன்னார்,
"இதாலதான் வருது. வேற பக்கத்தால வரத் தெரியாது போல."

திங்கள், ஏழே முக்கால்.
கந்தோரில் நான் மட்டும்.
கோப்பு திறந்திருக்கிறது.
சாம்பல் பல்பின் மேல் சுட்டி நிற்கிறது.
பிரின்டரில் தாள் இருக்கிறது.
படியில் யாரோ ஏறிவரும் சத்தம்,
ஈரச் செருப்பா, சேர்வெயரின் சப்பாத்தா,
இன்னும் தெரியவில்லை.