ஒரு சாண் பிசகு

பியல் நகரம், ஞாயிறு, இரண்டு மணிக் காட்சி.
முப்பத்தொன்றாம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்:
ஒரு நாய், ஒரு கேத்தில், குடை பிடித்த நிலா.

படச்சுருளில் ஒலி
படத்துக்கு இருபது கட்டம் முந்தி ஓடும்.
தெரிந்துமென்ன,
மாட்டும்போது ஒரு சாண்
கூடத் தொங்கவிட்டேன்.

நாய் வாயைத் திறந்து
சும்மா மூடியது.
கேத்தில் மூடி தூக்கிக்
குரைத்தது.

முன்வரிசைப் பொடியன் லுக்கா
கதிரையிலிருந்து சறுக்கியே விழுந்தான்.
சிரித்தது பிரெஞ்சிலா ஜெர்மனிலா,
கூண்டுக்குள் எனக்குக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு எல்லாம் சரி.
நாய்தான் குரைத்தது.
கேத்தில் ஆவி விட்டது.
சபை மரியாதையாய்ப் பார்த்தது.

மறுபடி டிக்கெட் எடுத்து வந்திருந்த லுக்கா மட்டும்
திரும்பி,
வெளிச்சம் வரும் ஓட்டையை
முறைத்தான்.