நாய் குறுக்கே வந்த இடம்

முத்தியால்பேட்டையில் மூன்றாவது மாடி.
எழுபது நாற்காலி, தண்ணீர் சொட்டும் ஏசி ஒன்று.
நான்கு நாடுகளில் விருது வாங்கிய படமாம்.
என் வீட்டுக்காரர் கலியவரதன்
கடலூரிலிருந்து வண்டியில் கூட்டி வந்திருந்தார்,
மீன்குழம்பைப் பாதிக் கொதியில் இறக்கவைத்து.

முதலில் ஒரு பெண் குடத்தோடு நடந்தாள்.
நடந்தாள்.
கைப்பையில் சில்லறையை எண்ணி முடித்தேன்,
அவள் நடந்துகொண்டிருந்தாள்.
ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.
குடம் காலி என்று
இடுப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு.

அப்புறம் ஒரு கிழவர் கதவைப் பார்த்தார்.
கதவு கிழவரைப் பார்த்தது.
மழை வரும்போல இருந்து வரவில்லை.
மொத்தம் பதினொரு வசனம்,
அதில் மூன்று வெறும் "ம்".

எனக்கு வேலை சிப்காட் சாலையில், எடைமேடை.
லாரி உள்ளே போகும்போது ஒரு எடை
திரும்பும்போது ஒரு எடை
கழித்தால் வருவதுதான் சரக்கு.
டிரைவர் எவ்வளவு உருகிப் பேசினாலும்
சீட்டில் ஏறாது.

விளக்கு போட்டதும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நானும் எழுந்தேன், கால் மரத்திருந்தது.
செயலாளர் அமலோற்பவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
லாஸ்பேட்டை மாணவி ஒருத்தி
"அந்த மௌனம்..." என்று தொடங்கி
முடிக்க முடியாமல் உட்கார்ந்தாள்.
பக்கத்தில் இவர் மூக்கை உறிஞ்சினார்.
பதினேழு வருஷத்தில்
என் அப்பா சாவுக்குக்கூடக் கேட்காத சத்தம்.

"உங்களுக்கு எப்படிம்மா இருந்தது?"
என்னைத்தான்.
"கனமா இருந்தது" என்றேன்.
கூடம் முழுக்கத் தலையாட்டியது.
வாழ்க்கையில் நான் போட்ட முதல் பொய்ச்சீட்டு.

பிடித்தது ஒன்று இருந்தது.
கிழவர் கதவைப் பார்க்கும்போது
ஓரமாக ஒரு செவலை நாய் வந்து
நின்று, காதைச் சொறிந்து,
இங்கே என்ன பண்றீங்க என்பதுபோல
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.
சிரித்துவிட்டேன். முன்வரிசை மொத்தமும் திரும்பியது.
இயக்குநர்ப் பிள்ளையிடம் நாயைப் பற்றிக் கேட்டேன்.
"மன்னிச்சுக்குங்க, அது தப்பா வந்துடுச்சு.
அழிக்கக் காசில்ல."

அரியாங்குப்பம் தாண்டும்வரை இவர் பேசவில்லை.
தவளக்குப்பத்தில் தொடங்கினார்.
குடம். நடை. நடைக்குள் இருக்கும் காலம்.
காற்று பாதியை வாங்கிக்கொண்டது.
மீதியை முதுகு வழியாகக் கேட்டேன்,
விலா எலும்பு அதிர அதிர.
கன்னியக்கோயில் சாராயக்கடை வெளிச்சத்தில்
"உனக்குப் புரிஞ்சுதா?" என்றார்.
புரியாமல் என்ன.
புரிந்ததுதான் பிடிக்கவில்லை.

பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒன்று தோன்றியது:
எங்கள் மேடை பத்து கிலோவுக்குக் கீழே காட்டாது.
கோழி ஏறி நின்றால் பூஜ்யம்தான்.
அதனால் கோழி இல்லை என்று ஆகாது.
இவர் அழுத இடத்தில்
ஏதோ ஒரு கோழி நின்றிருக்கும்.

இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.
"அந்தக் குடம் காலிங்க."
வண்டி வேகம் குறைந்தது.
"என்னது?"
"குடம். உள்ளே ஒன்றுமில்ல. இடுப்பு சொல்லுது."
மஞ்சக்குப்பம் வந்து, தெரு திரும்பி, கேட்டைத் திறந்து,
குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை
இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
முள்ளை மட்டும் வரிசையாக வைத்தார்.

ராத்திரி தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தேன்.
சமையலறையில் விளக்கு.
நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
பிரிட்ஜிலிருந்து பின்வாசல் வரை
லுங்கியோடு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒருபக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்து.

வழியெல்லாம் சிந்தியிருந்தது.