மடிப்பு மேசை

இருபத்திரண்டு வருசமாய் எனக்கு
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி லோன்றியில் வேலை.
கொதிநீரில் புரண்டு வரும் ஷீட்டை
நாலாய் மடித்து, பிறகு எட்டாய்,
வார்ட் இலக்கம் வெளியே தெரிய அடுக்க வேண்டும்.
ஒன்று கோணினால்
அதன்மேல் வைப்பதெல்லாம் கோணும்.
பத்தாவதில் அடுக்கு சாயும்.
என் வேலை என்னவென்று கேட்டறிந்த பிறகு
டொக்டர் அதை வைத்தே எனக்குச் சொன்னார்:

"புரதம் என்றால் ஒரு நீள நூல், அம்மா.
மடிந்தால்தான் அதற்கு வேலை.
உங்கட அவரின் மூளையில் ஒன்று
பிழையாய் மடிந்திருக்கு.
பக்கத்தில் நிற்பதையும்
தன்னைப் போல மடிக்குது."
அதற்கொரு பெயரும் சொன்னார், ஆல்பா சைனூக்ளின்.
துண்டில் எழுதித் தரச் சொல்லி
சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

பிழையாய் மடிந்ததை நாங்கள் உதறுவோம், டொக்டர்.
ரெண்டு பேர் நாலு மூலை பிடித்து
ஓங்கி ஒரு உதறல்,
திரும்பவும் வெறும் ஷீட்.
இதை யார் உதறுவது?

பேனையை மூடினார்.
வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

*

தெய்வேந்திரன் மின்சார சபையின் மானி வாசிப்பாளர்.
தாண்டவன்வெளி, இருதயபுரம், கூழாவடி,
நாயுள்ள வீடெல்லாம் அவருக்கு மனப்பாடம்.
அட்டையில் இலக்கங்கள் சிறுத்துக்கொண்டு போயின.
எட்டு எள்ளானது.
கூழாவடி மனிசி ஒருத்தி அட்டையோடு கந்தோருக்கே வந்தா:
"இது பில்லா, எறும்பு போன தடமா?"
சிரித்தோம்.
கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது
மூக்கைச் சுளிக்காமல் நடந்தார்.
பழகிவிட்டது என்றோம்.

அதற்கும் முன்னால், பத்து வருசம் முன்னால்,
நித்திரையில் கத்துவார், உதைப்பார்.
ஒரு இரவு என் உதடு கிழிந்தது.
இந்த ஊரில் கனவில் ஓடாதவர் யார்?
பக்கத்து வீட்டிலும் கத்தினார்கள்,
அதற்குப் பக்கத்திலும்.
எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.
அப்போதே மடியத் தொடங்கியிருக்கும் என்கிறார் டொக்டர்.
இருக்கலாம்.
எந்த உதை எதன் உதை என்று
இனி யார் பிரிப்பது?

*

ஆறு, பத்து, ரெண்டு, ஆறு: குளிசை.
குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம்.
மீனிலும் தயிரிலும் இருப்பதும் புரதமாம்,
குடலில் குளிசையோடு
ஒரே வாசலுக்கு முண்டியடிக்குமாம்.
மேலே கெட்டது கிடந்து உறைய
கீழே நல்லது வந்து மருந்தை மறிக்கிறது.
எருமைத் தயிர்ச் சட்டியை இரவுக்கு ஒதுக்கினேன்.
பகலில் அந்த மனிதர்
சட்டியைப் பார்க்கும் பார்வையை
நான் சொல்லப் போவதில்லை.

வாசற்படியில்தான் நின்றுபோவார்,
உள்ளங்காலைத் தரையோடு தைத்தது மாதிரி.
வாங்க என்றால் வராது.
இழுத்தால் விழுவார்.
வெறுந்தரையில் மறக்கும் கால்
கோட்டைக் கண்டால் நினைக்குமாம்,
பிசியோ பிள்ளை சொன்னாள்.
ஸ்டோரில் கையெழுத்து வைத்து
கழித்துப்போட்ட ஷீட் ஒன்று வாங்கினேன்.
நீலக் கரையை மட்டும் கிழித்து
கூடத்திலிருந்து வாசல் தாண்டி
முழத்துக்கு ஒன்றாய்க் குறுக்கே ஒட்டினேன்.

குனிந்து பார்த்தார்.
ஒன்றைத் தாண்டினார். ரெண்டாவதை.
பிறகு நான் எண்ணவில்லை.
வெளிச்சுவரின் மானிப் பெட்டியடியில் போய் நின்று
கண்ணாடியைச் சறத்தால் துடைத்து
சத்தமாய் என்று நினைத்துக்கொண்டு வாசித்தார்:
நாலு, ஒன்று, ஏழு, ஏழு, பூச்சியம்.

கிட்டப் போய்த்தான் கேட்டேன்.
அட்டையில் எழுதினேன்,
பெரிய இலக்கங்களில்.
பத்து மணிக் குளிசைக்கு
இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.