ஆயிரத்துக்கு ஏழரை

கிருணாவில் டிசம்பர் பாதிக்குமேல் சூரியன் எழுவதில்லை.
தாதுச் சோதனைக்கூடத்தில் நான் எடை போடுகிறேன்:
காந்தக்கல் பொடி, கிராமில் நான்காம் தசமம் வரை.
இரவு ஒன்றேகாலுக்குக் கீழே வெடி வைப்பார்கள்.
தராசில் எண்கள் ஓடும். அவை திரும்பி வரும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது
என் வேலையில் பாதி.

சுரங்கம் அடியைத் தின்றதால் ஊர் நகர்கிறது.
போன மாதம் எங்கள் தெருவின் மஞ்சள் வீடு போனது.
புகைபோக்கிச் செங்கல்லுக்கெல்லாம் எண் எழுதிப்
பிரித்து, லாரியில் ஏற்றி, எடைமேடை கடத்தினான் யுங்வே.
அங்கே பூட்டிப் பார்த்தால் நூற்றுப்பத்து கிலோ குறைகிறதாம்.
"எங்கே போச்சு, ஐலி?"
கரி, என்றேன். ஆணித்துரு. குருவிக்கூடு.
ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

ஆனால் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்.
கரி இல்லை, கூடு இல்லை, உதிர்வதற்கு ஒன்றுமே இல்லை.
சேர்ந்து ஹீலியமானதும்
ஆயிரத்துக்கு ஏழரை குறைகிறது.
எங்கே என்று கேட்டால் ஜன்னலைக் காட்டுவார்கள்: வெயில்.
என் ஜன்னலில் இருட்டு.

கட்டிக்கொள்ள இத்தனை ஆசை என்றால்
முதலில் ஏன் பிரிந்து கிடந்தன?
யார் அவிழ்த்துப் போட்டது, யாரிடம் கடன் வாங்கி?

முதல் சில நிமிடங்கள் முயன்று பார்த்ததாம் பிரபஞ்சம்.
இரண்டைக் கோத்தது. வெப்பம் பிய்த்தது. மறுபடி கோத்தது.
நான்கு வரை வந்தது.
ஐந்தில் எதுவும் நிற்கவில்லை.
ஐந்தில் நில்லாதது ஐம்பத்தாறில் நின்றது,
அதுவும் பல கோடி ஆண்டு கழித்து,
எந்த நட்சத்திரத்தின் வயிற்றிலோ:
இரும்பு.
(சரியாகச் சொன்னால் நிக்கல் அறுபத்திரண்டு, என்பான் மாட்டி.
நிக்கலுக்கு இந்த ஊரில் யார் சம்பளம் தருகிறார்கள்?)
சேர்த்தாலும் சூடில்லை, உடைத்தாலும் சூடில்லை.
அதுவரை எரிந்து வந்த நட்சத்திரம்
தன்மேலேயே சரியும்,
எங்கள் பழைய தெருவைப் போல.

அப்படியானால் எல்லாமே ஏன் இன்னும் இரும்பாகவில்லை?
என் காபியில் எப்படி இவ்வளவு ஹைட்ரஜன்?

நேரம் போதவில்லை. விரிந்த வேகத்தில் ஆறிவிட்டது.
அவ்வளவுதான் பதில்.
பொறுமைசாலிப் பிரபஞ்சம் ஒன்று இருந்திருந்தால்
ஆற அமர எல்லாவற்றையும் கட்டி முடித்திருக்கும்.
அதில் வெயிலுக்கு மிச்சமில்லை.
யுங்வே இல்லை, மாட்டி இல்லை, குறைகிறதென்று கேட்க ஆளில்லை.
அரைகுறையாய் விட்ட வேலையில் குடியிருக்கிறோம்.

மணி ஒன்று பதினான்கு.
பொடி தட்டில் இருக்கிறது: 2.0417.
மேசையிலிருந்து கையை எடுக்கிறேன்.