நியூட்ரலுக்கு இன்னொரு பெயர்

பத்தொன்பது வருடமாய் என் வேலை
விழுந்த வண்டிகளுக்கு விலை எழுதுவது.
சேஸிஸ் வளைவா, ஃபோர்க் முறிவா,
பழுதா, முழு இழப்பா,
கட்டம் பார்த்து டிக் அடிப்பேன்.
காக்ஸ் டவுன் ஷெட்டில்
ஹெப்பார் தார்ப்பாயைத் தூக்கியதும்
என் தொழில்தான் முதலில் குனிந்தது.

மோட்டோ குட்ஸி ஃபால்கோனே, ஐம்பத்து நாலு மாடல்.
செங்கல்லுக்கும் மாதுளைக்கும் நடுவே ஒரு சிவப்பு,
டேங்க் ஓரத்தில் யார் யாரோ முழங்கால் தேய்த்து
வெறும் தகரம்.
சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவில்லை,
மதியச் சோறு தின்றவன் மாதிரி
முன்பக்கம் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
இடப்பக்கம், மூடி ஏதும் இல்லாமல்,
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஃப்ளைவீல்.
"துப்பட்டா ஜோபானம் மேடம்."
நான் போட்டிருந்தது ஜீன்ஸ்.

ஹெப்பார் காபி மெஷின் ரிப்பேர் செய்பவர்.
இந்திராநகர் கடைகளில் நுரை வராத காலைகளில்
அவர் போன்தான் அடிக்கும்.
மிலானில் மூன்று மாதப் பயிற்சி;
கொண்டுவந்தது கொஞ்சம் இத்தாலி, நிறைய வாஷர்.
எண்ணெய்க் கறை படிந்த வண்டிப் புத்தகத்தை
கன்னடத் தமிழில் வாசித்தார்.
ஓலியோ, எண்ணெய்.
பென்ஸீனா, பெட்ரோல்.
நியூட்ரல்?
"ஃபோல்லே. அப்படின்னா பைத்தியம்.
எதையும் பிடிக்காம சும்மா சுத்துதில்ல."

ஸ்பார்க் நெம்பைப் பின்னுக்குத் தள்ளி
உதைத்தேன்.
உதைத்தேன்.
ஏழாவது உதையில் ஒரு வெடி,
ஒரு யோசனை,
இன்னொரு வெடி.
நின்றுவிட்டதோ என்று நாம் பயப்பட
ஒவ்வொரு முறையும் இடம் விட்டு அடிக்கிறது.
கூரைத் தகரத்துப் பல்லி
சுவருக்குக் குடிமாறியது.

பத்தரை லட்சம் என்றார்.
நான் குறைகளை வாசித்தேன்:
மேக்னெட்டோ வேறு வண்டியினுடையது,
சைலன்சரில் மூன்று வெல்டிங்,
ஆர்.சி.யில் இருப்பவர் உயிரோடு இல்லை,
வாரிசு மூவர், அதில் ஒருவர் பெர்த்தில்.
எட்டரை என்றேன்.
அவர் கையைத் துடைத்தபடி கேட்டார்:
"ஓட்டவா, வைக்கவா?"

ராமமூர்த்தி நகர் பார்க்கிங்கில்
உறை போட்டு நிற்கும் ஜாவாவும் லாம்ப்ரெட்டாவும்
நினைவுக்கு வந்தன.
அசோசியேஷன் செயலாளர் அனுப்பிய மூன்று கடிதங்களும்.
இரண்டுக்கும்தான் என்றேன்,
பொய் சொல்லும் க்ளைம்காரர்கள் என்னைப் பார்க்கும்
அதே முகத்தோடு.

"ஓட்டினா எட்டரை. வைச்சா பத்தரை."
"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"
"ஓட்டினா மாசம் ரெண்டு தரம்
இங்கதானே தள்ளிக்கிட்டு வருவீங்க."

ரசீதில் என் பெயரைச் சம்பகவல்லி என்று எழுதினார்.
திருத்தவில்லை.

வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்.
பழைய மெட்ராஸ் ரோட்டில்
இருமுறை பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன்.
ஒரு பிஎம்டிசி பஸ்ஸின் பின்பக்க விளம்பரம்
மிக அருகில், எழுத்து எழுத்தாய்.
இந்த மதிப்பீட்டை யார் எழுதுவார்கள் என்று தோன்றியது.
காப்பீட்டுப் படிவத்தில்
வண்டியின் விலை என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

டின் ஃபேக்டரியில் எல்லாம் நின்றது.
சோற்றுப் பை சுமந்த பையன் குனிந்து பார்த்து,
"மைலேஜ் எஷ்டு?" என்றான்.
தெரியாது என்றேன். சிரித்தான்.
கணுக்காலில் ஒரு சொட்டுச் சூட்டெண்ணெய்.

குதிகாலால் தடவித் தடவி
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.
பாலத்தடியில் நானூறு வண்டி,
ஒன்றும் எதையும் பிடிக்காமல்
சுற்றிக்கொண்டு.