பிடிக்கிற விதம்

இன்னும் ஆறு தவணை கட்டக் கிடக்கிற போன்.
இடக்கையில் எடுத்தால்
நாலு கோடு ஒன்றாகும்,
பிறகு அதுவும் இல்லை.

"போனில் பிழையில்லை, மிஸ்.
நீங்க பிடிக்கிற விதம்தான் பிழை."
கொள்ளுப்பிட்டிக் கடைப் பெடியன்
நண்டைத் தூக்குவதுபோல்
இரண்டு விரலால் தூக்கிக் காட்டுகிறான்.
வேண்டுமென்றால் ஒரு ரப்பர் கவர்
சும்மா தருவானாம்.

அடிமட்டத்தால் அடித்தும் மாறாத கை இது.

வெள்ளவத்தையில் இரவு எட்டரை.
தோஹாவிலிருந்து நிரோஜன்.
தூள் போத்தலில் போனைச் சாய்த்துவிட்டு
தொடாமல் நிற்கிறேன்.
"கேக்குதா?"
கேட்கிறது,
பாணந்துறை ரயிலையும் தாண்டி.

"வேலை போயிட்டுது" என்றான்.
கை என்னைக் கேட்காமல் நீண்டது.

திரையில்
மிளகாய்த்தூள் ஒட்டிய
நாலு விரற்கோடு.